மௌனம் தீர்ப்பாகும் இடம்

‘கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம்’ என்பது நம் ஊர்களில் ஒரு பாராட்டு. சம்பந்தம் பேசும்போது படிப்பு, சொத்து, பழக்கவழக்கத்தோடு இதையும் ஒரு தகுதியாகச் சொல்வார்கள். கிழக்கு லண்டனின் அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டின் இரு பக்கமும் நீளும் வரிசை வீடுகளில் குடியேறிய தமிழர்கள் இந்த மதிப்பையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆனால் இங்கே நாம் படி ஏறும்வரை நீதிமன்றம் காத்திருப்பதில்லை. கதவின் கடிதத் துவாரம் வழியாக அது தானே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வாகன நிறுத்தத் தண்டம், கவுன்சில் வரிப் பாக்கி, கைபேசி நிறுவனத்தின் பழைய கணக்கு, வீட்டுக்காரர் போட்ட வெளியேற்ற வழக்கு, ஜூரியாக அமரச் சொல்லும் அழைப்பு என்று எதுவாகவும் அந்த உறை இருக்கலாம். ஒரு குற்றமும் செய்யாத, யாரோடும் தகராறு இல்லாத குடும்பத்துக்கும் அது வரும்.

உறை வந்ததும் எழும் கேள்விகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். இது எந்தக் கோர்ட்? நிஜமான கடிதமா, ஏமாற்றா? நேரில் போக வேண்டுமா? எத்தனை நாளுக்குள் பதில் போட வேண்டும்? எந்தப் படிவம், என்ன கட்டணம்? தமிழில் பேசலாமா? கவுண்டரில் இருப்பவரிடம் கேட்டால் சொல்வாரா? சட்ட நூல்கள் இவற்றைப் பெரிய கேள்விகளாக மதிப்பதில்லை. என் வாதம் இதற்கு நேர்மாறானது. சாதாரண மக்களின் வழக்குகளில் பெரும்பகுதி நீதிபதியின் முன் தோற்பதில்லை. இந்தச் சின்னக் கேள்விகளுக்கு உரிய நேரத்தில் விடை கிடைக்காததால், விசாரணை தொடங்கும் முன்பே தோற்றுவிடுகின்றன. ‘மௌனம் சம்மதம்’ நமக்குப் பழமொழி. இங்கிலாந்தின் உரிமையியல் நடைமுறையில் அது விதி. ஆகவே நீதிமன்ற அலுவலகத்தில் ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் கிடைப்பதை அலுவலக மரியாதையாக மட்டும் பார்க்கக் கூடாது. நீதி பெறும் உரிமையின் முதல் பாகம் அதுதான்.

முதல் கேள்வியே எளிதல்ல. அப்டன் பார்க் வாசிக்கு எந்த நீதிமன்றம் ‘நம் கோர்ட்’? ஒரு காலத்தில் பதில் சுலபமாக இருந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ரோம்ஃபோர்ட் சாலையில் போ கவுண்டி நீதிமன்றம் இருந்தது. கடன், வாடகை, நஷ்டஈடு எல்லாம் அங்கேதான். 2016 பிப்ரவரியில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் 86 நீதிமன்றக் கட்டடங்களை மூடுவதாக அரசு அறிவித்தபோது அதுவும் அந்தப் பட்டியலில் இருந்தது. இன்று குற்றவியல் சிறு வழக்குகளும் கவுன்சில் வரி அழைப்பாணைகளும் ஸ்ட்ராட்ஃபோர்ட் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகின்றன. பொதுவான உரிமையியல் வழக்குகளுக்கு க்ளார்க்கன்வெல் – ஷோர்டிட்ச் கவுண்டி நீதிமன்றம் வரை போக வேண்டும். மணமுறிவு, பிள்ளைகளின் பொறுப்பு போன்றவை கேனரி வார்ஃப் பக்கம் வெஸ்ட்ஃபெர்ரி சர்க்கஸில் உள்ள கிழக்கு லண்டன் குடும்ப நீதிமன்றத்தில். குடிவரவு மேல்முறையீட்டுக்காகப் பலரும் ஏறி இறங்கிய டெய்லர் ஹவுஸ் ரோஸ்பெரி அவென்யூவில். ஒரே குடும்பத்துக்கு ஒரே ஆண்டில் நான்கு திசையில் நான்கு வாசல்கள் என்றால், எந்த வாசலைத் தட்டுவது என்ற கேள்வி அறியாமையால் எழுவது அல்ல. கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

இந்தக் குழப்பத்தோடு நார்த்தாம்ப்டனும் சேர்ந்துகொள்கிறது. அப்டன் பார்க்கில் குடியிருப்பவருக்கு, கிழக்கு லண்டன் கடைக்காரரோ லண்டன் நிறுவனமோ போட்ட வழக்குத் தாள் ஏன் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊரின் முகவரியோடு வர வேண்டும்? விடை 2014 ஏப்ரலில் இருக்கிறது. அன்றுமுதல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்துச் சட்டப்படி ஒரே ஒரு கவுண்டி நீதிமன்றம்தான். ஊர்களில் இருப்பவை அதன் விசாரணை மையங்கள். பண வழக்குகளைப் பதிவு செய்யும் வேலை நார்த்தாம்ப்டன் தேசிய மையத்தில் குவிக்கப்பட்டிருக்கிறது. தனிநபர் ஒருவர் வழக்கை எதிர்த்துப் பதில் போட்டால், வழக்கு பொதுவாக அவர் வசிக்கும் பகுதியின் விசாரணை மையத்துக்கு மாற்றப்படும். இந்த ஒரு தகவல் தெரியாததால்தான் ‘அவ்வளவு தூரம் யார் போவது’ என்று உறையை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பதில் போட நார்த்தாம்ப்டன் போக வேண்டியதில்லை. தபாலோ இணையமோ போதும். கடிதம் நிஜமா என்ற சந்தேகம் நியாயமானதே. அப்போது கடிதத்தில் அச்சான தொலைபேசி எண்ணை நம்பாமல், அரசின் இணையத்தளத்தில் அந்த நீதிமன்றத்தின் எண்ணைத் தேடி அழைத்து, வழக்கு எண்ணைச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். சந்தேகம் என்பதற்காகக் குப்பையில் போடுவது மிகப் பெரிய தவறு.

எத்தனை நாள் என்பதைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். இணையவழிப் பண வழக்கு ஒன்று மாதத்தின் 1ஆம் தேதி பதிவாகிறது. தாள் கையில் கிடைத்த நாளிலிருந்து கணக்கு ஓடுவதில்லை. பதிவான தேதியிலிருந்து ஐந்தாம் நாள், அதாவது 6ஆம் தேதி, அது கிடைத்துவிட்டதாகவே விதி வைத்துக்கொள்கிறது. அங்கிருந்து 14 நாள். 20ஆம் தேதியோடு முடிந்தது. கூட வரும் பதில் தாள்களில் ‘கிடைத்தது, எதிர்க்கப் போகிறேன்’ என்று மட்டும் தெரிவிக்கும் ஒரு தாள் இருக்கிறது. அதை மட்டும் அந்தக் கெடுவுக்குள் அனுப்பிவிட்டால் 14 நாள் 28 ஆகிறது. எதிர்வாதத்தை அடுத்த மாதத் தொடக்கம் வரை யோசித்து எழுதலாம். ஒரு தாள், ஒரு கையொப்பம், இரண்டு வார அவகாசம். அதை அனுப்பாமல் 21ஆம் தேதியானால், வழக்குப் போட்டவர் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பு பதிவாகலாம். குறிப்பிட்ட தொகைக்கான வழக்கில் இதற்கு நீதிபதி யாரும் கோப்பைப் படித்துப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. அது அலுவலகப் பணி. கவுண்டி நீதிமன்றத் தீர்ப்புகளில் மிகப் பெரும்பான்மை இப்படி எதிர்த்தரப்பு பேசாமலே வந்தவை என்பதை நீதித் துறையின் காலாண்டுப் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. அந்தக் கடன்கள் எல்லாம் பொய்யல்ல. பல உண்மையாகவே பாக்கிதான். ஆனால் எது உண்மை, எது பொய் என்று பார்க்கும் வேலையே அங்கே நடக்கவில்லை.

தீர்ப்பு வந்த பிறகு எழும் கேள்வி, ‘இனி ஒன்றும் செய்ய முடியாதா?’ என்பது. முடியும், ஆனால் செலவு ஏறுகிறது. தீர்ப்பு வந்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையைக் கட்டிவிட்டால் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து அது நீங்கும். அதற்குப் பின் கட்டினால் ‘தீர்ந்தது’ என்ற குறிப்போடு ஆறு ஆண்டுகள் வரை அங்கேயே இருக்கும். வீட்டுக் கடனோ வாடகை வீடோ தேடும்போது அந்தக் குறிப்பு எதிரே வந்து நிற்கும். பழைய முகவரிக்குத் தாள் போனதால் வழக்கே தெரியாமல் போயிருந்தால், அல்லது எதிர்வாதத்தில் உண்மையான வலு இருந்தால், தீர்ப்பை விலக்கச் சொல்லி என்244 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கான கட்டணம் சுமார் 300 பவுண்டு; தாமதம் செய்யாமல் விண்ணப்பித்தாரா என்பதையும் நீதிபதி பார்ப்பார். தொடக்கத்தில் ஒரு தபால் தலையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

கிரீன் ஸ்ட்ரீட்டில் கார் வைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கவுன்சில் தரும் தண்டச் சீட்டும் தனியார் நிறுத்துமிட நிறுவனத்தின் சீட்டும் பார்க்க ஒன்றுபோலத் தோன்றும். போகும் பாதை வேறு. தனியார் சீட்டு ஒப்பந்தப் பாக்கி; அது மேலே சொன்ன பண வழக்காகவே வரும். கவுன்சில் சீட்டை 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. எதிர்ப்பதானால் முதலில் கவுன்சிலிடம், பிறகு லண்டன் தீர்ப்பாயத்திடம் முறையிடலாம். இரண்டும் செய்யாவிட்டால் தொகை ஒன்றரை மடங்காகி, நார்த்தாம்ப்டனில் உள்ள போக்குவரத்து வசூல் மையத்தில் பதிவாகும். முந்தைய கடிதங்கள் கிடைக்கவே இல்லை என்றால் டிஇ9 என்ற படிவத்தில் உறுதிமொழி அளிக்கலாம். கெடு தாண்டியிருந்தால் அதற்கான காரணத்தை டிஇ7இல் எழுதிச் சேர்த்து அனுப்ப வேண்டும். இதையும் விட்டால் அடுத்து வருபவர் பெய்லிஃப். தமிழ்நாட்டில் அமீனா என்று அஞ்சப்படுபவரின் லண்டன் வடிவம். 2014இன் கட்டண விதிகள் அவர் கோப்பைத் தொட்டதற்கு 75 பவுண்டும், வாசலுக்கு வந்ததற்கு 235 பவுண்டும் கூட்டலாம் என்றன. முதல் சீட்டின் பாதித் தொகையையும் இந்தக் கடைசிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விடை கிடைக்காத கேள்விக்கு என்ன விலை என்பது தெரியும்.

குற்றவியல் பக்கத்திலும் இதே மௌனம்தான் தீர்ப்பாகிறது. 2015இல் தொடங்கிய தனி மாஜிஸ்திரேட் நடைமுறையில், தொலைக்காட்சி உரிமம், வாகனக் காப்பீடு போன்ற, சிறைத் தண்டனைக்கு இடமில்லாத குற்றச்சாட்டுகளை ஒரு மாஜிஸ்திரேட்டும் ஒரு சட்ட ஆலோசகரும் திறந்த மன்றத்துக்கு வெளியே தாள்களை வைத்தே முடிக்கிறார்கள். பதில் போட 21 நாள். ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், மன்றத்தில் விசாரிக்கக் கோரலாம். பேசாமல் இருந்தால் எழுத்துச் சாட்சியை வைத்தே தண்டனை வரும். இந்த முறையின் அபாயம் 2024 ஆகஸ்டில் பகிரங்கமானது. ரயில் பயணச்சீட்டு தொடர்பான சில குற்றச்சாட்டுகளை இந்த வழியில் கொண்டுவர ரயில் நிறுவனங்களுக்கு அதிகாரமே இல்லை என்று இங்கிலாந்தின் தலைமை மாஜிஸ்திரேட் பால் கோல்ட்ஸ்பிரிங் தீர்ப்பளித்தார். அதனால் செல்லாமல் போகக்கூடிய தண்டனைகள் சுமார் 74,000 என்று கணக்கிடப்பட்டது. பல ஆண்டுகள், பல்லாயிரம் கோப்புகள். எதிரே நின்று ‘என்ன அதிகாரத்தில்?’ என்று கேட்க ஒருவரும் இல்லாத அறையில்தான் இத்தனை பெரிய பிழை இவ்வளவு காலம் வளர முடியும். கேள்வி கேட்பவர் மன்றத்துக்குத் தொல்லை தருபவர் அல்ல. அது தவறாமல் காப்பவர்களில் ஒருவர்.

அப்படியானால் கவுண்டரில் என்ன கேட்கலாம்? இங்கேதான் மக்களின் ஏமாற்றம் அதிகம். ‘நாங்கள் சட்ட ஆலோசனை தர முடியாது’ என்ற ஒரு வாக்கியம் பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்த விதிக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. வழக்கில் இரண்டு தரப்பு. அலுவலகம் இரண்டுக்கும் பொது. நான் எதிர்க்கலாமா, ஜெயிப்பேனா, என்ன எழுதினால் நல்லது என்று ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்கு அநியாயம். ஆனால் இந்த எல்லைக்கு இப்பால் கேட்கத் தகுந்தவை ஏராளம். இந்தத் தாளின் பெயர் என்ன, எந்தத் தேதிக்குள் பதில் சேர வேண்டும், எந்தப் படிவம், எங்கே கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, கட்ட முடியாவிட்டால் யாரிடம் விண்ணப்பிப்பது, வழக்கு இப்போது எந்த நிலையில், விசாரணை எந்த அறையில் – இவையெல்லாம் தகவல். தகவல் சொல்வது அலுவலகத்தின் வேலை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி வந்து நின்றபோது பாண்டியனின் வாயிலோன் வழக்கைத் தீர்க்கவில்லை, தீர்க்க முயலவும் இல்லை. வந்தவள் எந்தக் கோலத்தில் நிற்கிறாள் என்பதை உள்ளே போய்ச் சொன்னான்; கதவு திறந்தது. வாயில் காப்போனிடம் நாம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். ஆனால் அவ்வளவும் வேண்டும். கவுண்டர்கள் பலவும் முன்பதிவு செய்தவருக்கே திறக்கும் இந்தக் காலத்தில், ‘ஆலோசனை தர முடியாது’ என்ற வாக்கியம் ‘தகவலும் தர மாட்டோம்’ என்று பொருள்படத் தொடங்கினால், வாயிலோன் இருந்தும் வாசல் அடைபட்டதாகிவிடும்.

கட்டணக் கேள்வியின் பின்னால் ஒரு பெரிய தீர்ப்பு நிற்கிறது. 2013இல் அரசு வேலைத் தீர்ப்பாயங்களில் வழக்குப் போடக் கட்டணம் விதித்தது. வழக்குகளின் எண்ணிக்கை சரிந்தது. யுனிசன் தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 ஜூலையில் அந்தக் கட்டணங்கள் சட்டவிரோதம் என்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். நீதியை விற்பதில்லை என்று 1215இன் மாக்னா கார்ட்டாவில் மன்னர் தந்த வாக்கு வரை அந்தத் தீர்ப்பு பின்னோக்கிப் போகிறது. இன்றும் வேலைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடக் கட்டணம் இல்லை. மற்ற நீதிமன்றங்களில் கட்டணம் உண்டு; ஆனால் வருமானமும் சேமிப்பும் குறைவானவர்களுக்கும் சில அரசு உதவித்தொகைகள் பெறுபவர்களுக்கும் முழுவதுமோ ஒரு பகுதியோ தள்ளுபடி உண்டு. அதற்கான இஎக்ஸ்160 படிவத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை. நம்மவர்களில் பலர் இதைப் பிச்சையாகக் கருதித் தவிர்க்கிறார்கள். உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தால், அது சலுகை என்பதைவிட உரிமையின் ஒரு பகுதி என்பது புரியும்.

மொழிக் கேள்விக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பிலேயே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தம் முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அவர்களில் பலர் அப்டன் பார்க் அடங்கிய இந்த நியூஹாமில் இருக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தருவது மனித உரிமை உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு விதித்த கடமை. குற்றவியல் மன்றங்களிலும் குடும்ப நீதிமன்றங்களிலும் நீதிமன்றமே ஏற்பாடு செய்கிறது. உரிமையியல் வழக்குகளில் வாசல் குறுகியது. ஆங்கிலம் போதாமல், பணம் கொடுத்து ஒருவரை அமர்த்தவும் முடியாமல், நீதிபதி ஏற்கும் உறவினரோ நண்பரோ இல்லாமல் இருந்தால்தான் நீதிமன்றம் ஏற்பாடு செய்யும். அதுவும் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். விசாரணை நாளன்று வாசலில் நின்று கேட்டால் வழக்கு ஒத்திப்போகலாம், அல்லது பாதி புரிந்தும் புரியாமலும் நடந்து முடியலாம். 2024 மே முதல் சிறு பண வழக்குகள் பலவற்றில் விசாரணைக்கு முன் தொலைபேசியில் ஒரு மணி நேர இலவச சமரசப் பேச்சு கட்டாயமாகியிருக்கிறது. எதிரே இருப்பவரின் முகம்கூடத் தெரியாத அந்த உரையாடலில் மொழி தெரியாதவரின் நிலை இன்னும் பலவீனம். ஆகவே தமிழ் வேண்டும் என்று முதல் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும்.

‘இந்த நாட்டுக்கு வந்தவர்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும், மொழிபெயர்ப்புக்கு ஏன் பொதுப் பணம்?’ என்பார்கள். கற்பது நல்லது, கற்கவும் செய்கிறார்கள். ஆனால் கிரீன் ஸ்ட்ரீட் குவீன்ஸ் சந்தையில் பேரம் பேசப் போதுமான ஆங்கிலம், ஒரு வழக்குத் தாளைப் படிக்கப் போதாது. இங்கேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலேயரும் அந்தத் தாளைக் கண்டு திகைக்கிறார்கள். இதை இங்கிலாந்தே எப்போதோ உணர்ந்தது. பிரெஞ்சு மொழி மக்களுக்குத் தெரியாததால் தமக்கு எதிராக என்ன சொல்லப்படுகிறது என்பதே அவர்களுக்குப் புரிவதில்லை என்று காரணம் சொல்லி, 1362இல் மன்ற வாதங்களை ஆங்கிலத்துக்கு மாற்றச் சட்டம் இயற்றினார்கள். ஆவணங்களிலிருந்து லத்தீன் விலக 1733 வரை ஆயிற்று. வேல்ஸில் வேல்ஷ் மொழியில் பேசும் உரிமையை 1993இன் சட்டம் உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழுக்கு 1976இல் சட்டம் வழிதிறந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழுக்கான கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. இலங்கையில் 1988இன் அரசியலமைப்புத் திருத்தம் சிங்களத்தோடு தமிழையும் நீதிமன்ற மொழியாக்கியது. எந்த மக்களும் தமக்குப் புரியாத மொழியில் தமக்கு நீதி வழங்கப்படுவதை ஏற்றதில்லை. செலவைப் பொறுத்தவரை, ஒத்திப்போன ஒவ்வொரு விசாரணையும், விலக்கப்பட்டு மறுபடி தொடங்கும் ஒவ்வொரு தீர்ப்பும் பொதுப் பணத்தையே தின்கின்றன. தமிழில் ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம் அதைவிட மலிவு.

இன்னொரு மறுப்பு: எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, அலுவலகம் எதற்கு? 2016இல் தொடங்கி 100 கோடி பவுண்டுக்கும் மேல் செலவிட்டு நீதிமன்றங்களை மின்மயமாக்கும் பெரிய திட்டம் நடந்தது. படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கு அது உண்மையான நன்மைதான். ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இணையம் படிவத்தை அருகில் கொண்டுவந்தது, விளக்கத்தைக் கொண்டுவரவில்லை. ‘கோரிக்கையை ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் ‘சரி, கிடைத்தது’ என்ற எண்ணத்தோடு அழுத்திவிட்டால், கடனை ஒத்துக்கொண்டதாகிவிடும். எதிரே ஒரு மனிதர் இருந்தால், ‘இதை அழுத்தினால் இப்படிப் பொருள்’ என்று அவர் சொல்லியிருப்பார். அதில் ஆலோசனை எதுவும் இல்லை, தகவல் மட்டுமே. இதோடு 2013 ஏப்ரலிலிருந்து சட்ட உதவி கடன், குடும்பம், குடிவரவு ஆகிய துறைகளில் பெருமளவு வெட்டப்பட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வக்கீலும் விலகி, அலுவலகமும் விலகி, திரை மட்டும் மிஞ்சினால் அதன் முன் உட்காருபவர் தனியர்.

அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள்? தமிழ்நாட்டில் ஆட்சியர் அலுவலக வாசலில் தட்டச்சுப் பொறியோடு மனு எழுதுபவர் இருப்பார். இலங்கைத் தமிழர் நினைவில் பிரக்கிராசி என்ற வழக்கறிஞரும் அவருடைய கிளார்க்கும் இருப்பார்கள். இங்கே அந்த இடத்துக்கு வருபவர், ‘எல்லாம் தெரிந்த’ ஒரு கடைக்காரர், காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்புபவர், அல்லது வீட்டின் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பிள்ளை தாய்க்கும் தந்தைக்கும் இடையிலான வழக்குத் தாளை மொழிபெயர்ப்பது எந்த வீட்டிலும் நடக்கக் கூடாத ஒன்று. காசு வாங்குபவர்களிடமும் கவனம் வேண்டும். பிறருக்காக வழக்கு நடத்துவது 2007இன் சட்டப்படி அங்கீகாரம் பெற்றவர்களுக்கே உரியது. பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை தருவது 1999இன் சட்டப்படி குற்றம். அதேநேரம் சட்டம் திறந்து வைத்த வழிகளும் உண்டு. சட்டம் படிக்காத நண்பர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து குறிப்பெடுக்கலாம், மெதுவாக யோசனை சொல்லலாம். 1970இன் ஒரு வழக்கால் ‘மெக்கென்சி நண்பர்’ என்று பெயர் பெற்ற ஏற்பாடு இது. 10,000 பவுண்டு வரையிலான சிறு உரிமை விசாரணையில், வழக்காளி கூடவே இருந்தால், அவருக்காக ஒரு சாதாரண நபர் பேசவும் அனுமதி உண்டு. வீட்டை இழக்கும் அபாயத்தில் வீட்டுக்காரரின் எழுத்து மூல அறிவிப்பு பெற்றவருக்கு 2023 ஆகஸ்ட் முதல் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட ஆலோசனையும், விசாரணை நாளில் மன்றத்திலேயே உதவியும் கிடைக்கின்றன. ‘போய் என்ன ஆகப்போகிறது’ என்று அன்று போகாமல் இருப்பவர் இந்த உதவியைத் தானே விட்டுவிடுகிறார்.

கடைசியாக ஒரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது: ‘நமக்கு ஏன் கோர்ட்டு கச்சேரி? கட்டிவிட்டுப் போவோம்.’ இந்தப் பொறுமைக்குப் பின்னால் மானம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மானத்தின் பெயரால் தவறான கடனைக் கட்டுவதும், கட்ட வேண்டிய நேரத்தில் கேட்க வெட்கப்பட்டு மூன்று மடங்காகக் கட்டுவதும் குடும்பத்தைக் காப்பதில்லை. இந்த நாட்டின் நீதிமன்றம் நம்மைக் குற்றவாளியாக மட்டும் அழைப்பதில்லை. வாக்காளர் பட்டியலில் உள்ள இந்தியக் குடிமகனோ இலங்கைக் குடிமகனோகூட, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், மற்றத் தகுதிகள் இருந்தால் ஸ்னேர்ஸ்புரூக் போன்ற கிரவுன் நீதிமன்றத்தில் ஜூரியாக அமர்ந்து இன்னொருவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல அழைக்கப்படலாம். தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் நம்மை உட்காரவைக்கும் மன்றத்தின் கவுண்டரில் கேள்வி கேட்பதில் இழுக்கு எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. நீதிமன்ற நிர்வாகம் ஒவ்வொரு வழக்குத் தாளின் முதல் பக்கத்திலும் கடைசித் தேதியைக் கணக்கிட்டு, பெரிய எழுத்தில், நாள் மாதமாகவே அச்சிடலாம். ‘கிடைத்த நாளிலிருந்து இத்தனை நாள்’ என்று வாசிப்பவரைக் கணக்குப் போட வைக்க வேண்டாம். தகவலுக்கும் ஆலோசனைக்கும் உள்ள எல்லையை ஊழியர்களுக்குக் கற்றுத்தரும்போது, எதைச் சொல்லக் கூடாது என்பதோடு எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். நியூஹாம் கவுன்சில் தன் வரி அழைப்பாணையோடு தமிழ் உட்பட இப்பகுதி மொழிகளில் ஒரு பக்க விளக்கம் வைக்கலாம். ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் கோயில்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் மாதம் ஒருமுறை, தகுதி பெற்ற ஒருவரை அழைத்து, உறைகளைத் திறந்து படித்துச் சொல்லும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கலாம். கோயிலுக்கு வருபவர் அர்ச்சனைத் தட்டோடு ஒரு கடிதத்தையும் கொண்டுவருவதில் சாமிக்கு என்ன குறை?

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உறை வந்ததும் அதன் மேல் வந்த தேதியை எழுதுங்கள். பிரித்து, மூன்றை மட்டும் தேடுங்கள்: அனுப்பியவர் யார், வழக்கு எண் என்ன, கடைசித் தேதி எது. கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே நீதிமன்றத்தையோ சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பையோ கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்படி ஓர் உறை வந்திருப்பது தெரிந்தால், கூடவே போங்கள். கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் நல்ல குடும்பம்தான். கேட்க வேண்டிய நாளில் கேட்ட குடும்பத்துக்கும் அதே மதிப்பை நாம் தர வேண்டும்.